வால்வை மாற்றுமுன் பின்னைத் துடையுங்கள்

ராயபுரத்தில் கடலைப் பார்த்த வீடுகளில் ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் அடுத்த துரு கிளம்பிவிடும். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கரையோரத் தெருக்களில் பைக் செயினும் ஏசியின் வெளிப்பெட்டியும் கேட்டின் தாழ்ப்பாளும் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் கிழடு தட்டிவிடுகின்றன. அதே காற்றுதான் மேசை மேல் கிடக்கும் ஹெட்போனின் ஜாக்கையும் தொடுகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சென்னையின் அதிகாலைகள் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியவை. ஜாக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் தங்க முலாம் தேய்ந்த இடத்தில் மங்கலான வளையம் ஒன்று தெரியும். வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் வால்வைப் பிடுங்கிப் பார்த்தால் அதன் பின்களிலும் சாம்பல் நிறப் படலம் இருக்கும். வால்வை மாற்றியதும், கேபிளை மாற்றியதும் பாட்டு தெளிவாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மாற்றுவது என்றால் பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகுவது. அப்போது அந்தப் படலம் உரசிப் போகிறது. பாராட்டு புது வால்வுக்குப் போய்ச் சேர்கிறது.

ஹெட்போனுக்கென்றே தனி ஆம்ப்ளிஃபயர் வாங்கி, அதிலும் கண்ணாடிக் குழலுக்குள் இழை சிவக்கும் வால்வு வகையைத் தேடிப் பிடித்து, பிறகு அந்த வால்வுகளை ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்பது இன்று நம் ஊரிலும் பரவியிருக்கும் பொழுதுபோக்கு. ஒரே வகை வால்வில் ஜெர்மனியின் டெலிஃபுங்கன், இங்கிலாந்தின் முல்லார்ட், அமெரிக்காவின் ஆர்சிஏ என்று பழைய இருப்பை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் சொல்வார்கள்: இது குரலுக்கு, இது வயலினுக்கு, இது பாஸுக்கு. கேபிளிலும் அப்படியே. செம்பு என்றால் கதகதப்பு, வெள்ளி என்றால் பளிச்சென்று இருக்கும் என்கிறார்கள். பெட்டியோடு வந்த கேபிளுக்குப் பதிலாக ஹெட்போன் விலைக்கே கேபிள் வாங்குகிறவர்களும் உண்டு. இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை காதுக்கு எட்டாதவை. எட்டுகிற சிலவற்றுக்கும் காரணம் விளம்பரத்தில் சொல்வது அல்ல. கடலோரத்தில் இருப்பவருக்கு அந்தப் பணத்தைப் போட வேறு இடங்கள் இருக்கின்றன. இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லிவிட்டுப் போகத் தேவையில்லை, கணக்கே போட்டுக் காட்டலாம்.

வால்வு மாற்றுவது ஒரு காலத்தில் ரசனை விஷயமாக இருக்கவில்லை, பழுது பார்க்கும் வேலையாக இருந்தது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப்பும், 1930 முதல் சென்னை மாநகராட்சி தானே நடத்திய ஒலிபரப்பும், 1938 ஜூன் 16இல் தொடங்கிய அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும் வால்வுகளால்தான் ஓடின. டிரான்சிஸ்டர் வரும் வரை வீட்டு ரேடியோ, டீக்கடை ரேடியோ, கல்யாண வீட்டு மைக் செட் எல்லாம் அப்படித்தான். 1960களில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ரேடியோ வால்வுகளை இங்கேயே செய்தது. இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடும் பெயர்களில் அதுவும் ஒன்று. வால்வின் உள்ளே நடுவில் இருக்கும் கேத்தோடு மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகள் பூசியிருக்கும். சூடேறியதும் அந்தப் பூச்சிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். சில ஆயிரம் மணி நேரம் ஓடினால் பூச்சின் வீரியம் குறையும், சத்தம் ஒடுங்கும், கரகரக்கும். அப்போது மெக்கானிக் வேறு வால்வு போடுவார். கடையில் எந்தக் கம்பெனி வால்வு இருக்கிறதோ அதுதான். ரேடியோ பாடினால் வேலை முடிந்தது. தேய்ந்ததை மாற்றினால் ஒலி திருந்தும் என்பது அந்தத் தலைமுறையின் அனுபவ உண்மை. நன்றாக இருப்பதை மாற்றினாலும் ஒலி உயரும் என்பது அதிலிருந்து பிறந்த நம்பிக்கை. இரண்டும் ஒன்றல்ல.

வால்வுக்கென்று ஒரு ஒலி உண்டா என்றால், உண்டு; அதை மறுப்பது அறியாமை. எந்த ஆம்ப்ளிஃபயரும் கொடுத்த ஸ்வரத்தோடு கொஞ்சம் தன் சரக்கையும் சேர்த்தே அனுப்பும். எளிமையான வால்வு சுற்றுகள் சேர்ப்பது பெரும்பாலும் இரண்டாவது இசைவு, அதாவது மூல ஸ்வரத்தின் இரு மடங்கு அதிர்வெண். நம் கணக்கில் சொன்னால் சட்ஜத்தோடு மேல் ஸ்தாயி சட்ஜம் லேசாக ஒட்டிக்கொண்டு வருகிறது. தம்புரா மீட்டும்போது காது ஏற்கெனவே அதைக் கேட்டுப் பழகியிருப்பதால் அது உறுத்தாது. அளவு கூடினால் குரல் சற்று தடித்த மாதிரி, நிறைந்த மாதிரி தோன்றும். ஆகவே வால்வு ஆம்ப்பும் டிரான்சிஸ்டர் ஆம்ப்பும் வேறு மாதிரி ஒலிக்க முடியும். ஆனால் அதை முடிவு செய்வது சுற்றின் வடிவம்: எத்தனை வோல்ட் அழுத்தம், எவ்வளவு மின்னோட்டம், வெளியீட்டிலிருந்து உள்ளே திருப்பி அனுப்பும் எதிர்ப்பின்னூட்டம் எவ்வளவு. அந்தச் சுற்றுக்குள் ஒரே வகையைச் சேர்ந்த, நல்ல நிலையில் இருக்கும் இரண்டு வால்வுகளை மாற்றி மாற்றிச் செருகினால் பெரிதாக மாறக்கூடியவை மூன்றுதான்: பெருக்கம் சற்றுக் கூடும் அல்லது குறையும், பின்னணி இரைச்சலோ உறுமலோ மாறும், மேசையைத் தட்டினால் காதில் ‘டிங்’ என்று கேட்கும் அதிர்வுணர்ச்சி மாறும். கடைசி இரண்டும் காதுக்கு எட்டும் குறைகள். அப்படி இருந்தால் வால்வை மாற்றுவதில் தப்பே இல்லை. அதை மேம்பாடு என்று சொல்வதைவிட ரிப்பேர் என்று சொல்வதே பொருத்தம்.

பெயருக்கு வருவோம். பிலிப்ஸ் குழுமத்தின் ஐரோப்பியத் தொழிற்சாலைகள் ஒன்றுக்கொன்று சரக்கைப் பகிர்ந்துகொண்டன. ஹாலந்தின் ஹீர்லனில் செய்த வால்வு பிலிப்ஸ் என்றும் வால்வோ என்றும் ஆம்பரெக்ஸ் என்றும் முல்லார்ட் என்றும் அச்சிடப்பட்டு வெவ்வேறு நாடுகளில் விற்கப்பட்டது. கண்ணாடியின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும் குறியீட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் எந்த ஆலை என்று தெரியும். மேலே இருக்கும் பெயரோ விரலால் அழுத்தித் தேய்த்தாலே போய்விடும் மை. மலிவான வால்வின் பெயரை அழித்துப் பெரிய பெயரை அச்சிட்டு விற்பதும் இந்தச் சந்தையில் பழைய வித்தை. ஒரே ஆலையில், ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு வால்வுகளில் ஒன்றுக்கு ‘தேன் போன்ற குரல்’ என்றும் மற்றதற்கு ‘கொஞ்சம் வறட்சி’ என்றும் பட்டம் கிடைக்கிறது என்றால், கேட்டது காதா, படித்த கண்ணா? மலிவு விலை ஆம்ப்கள் சிலவற்றில் இன்னொரு வேடிக்கை நடக்கிறது. வால்வின் அடியில், சாக்கெட்டின் நடு ஓட்டையில், ஒரு ஆரஞ்சு எல்இடி வைத்துவிடுகிறார்கள். ரசிகர் இழை சிவக்கிறது என்று நினைத்துப் பூரித்துப்போவது அந்த எல்இடியின் வெளிச்சத்தில்தான்.

வால்வு ஆம்ப்பில் ஹெட்போனை மாட்டியதும் பாஸ் பெருத்துக் கேட்பதற்குப் பெரும்பாலும் வால்வின் பெயரோ பிறந்த ஆண்டோ காரணம் இல்லை. வெளியீட்டு மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) என்ற ஒரு எண்தான் காரணம். சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போன், வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களின் செல்லப்பிள்ளை. அதன் மின்மறுப்பு 300 ஓம் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது 500 ஓமை நெருங்கும். வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப் ஒன்றின் சொந்த மின்மறுப்பு 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நடு ஸ்தாயியில் நாலில் மூன்று பங்கு மின்னழுத்தம் ஹெட்போனுக்குப் போகும். பாஸில் ஆறில் ஐந்து பங்கு போகும். வித்தியாசம் சுமார் 0.9 டெசிபல். இது காதுக்கு எட்டும், இனிமையாகவும் இருக்கும். ஆனால் இதே விளைவை ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கும் ஹெட்போனுக்கும் நடுவே சில ரூபாய் மதிப்புள்ள 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்தும் பெற்றுவிடலாம். அதே 100 ஓம் வெளியீட்டு ஆம்ப்பில் முல்லார்டுக்குப் பதில் ஆர்சிஏ போட்டால் இந்த எண் பெரிதாக அசையாது. அசையாத எண்ணுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்வது ஏன்?

கேபிளின் கணக்கு இன்னும் எளிது. ஹெட்போன் கேபிளில் அரை மில்லிமீட்டர் தடிமனான செம்புக் கம்பி என்றால் மீட்டருக்கு சுமார் 0.084 ஓம். ஒன்றரை மீட்டர் கேபிள், போக வர மூன்று மீட்டர், ஆக கால் ஓம். 32 ஓம் ஹெட்போனில் இதனால் போகும் சத்தம் 0.07 டெசிபல், 300 ஓம் ஹெட்போனில் 0.007. வெள்ளி செம்பைவிட மின்சாரத்தை ஐந்தாறு சதவீதம்தான் நன்றாகக் கடத்தும். ஆகவே அதே தடிமனில் செம்பிலிருந்து வெள்ளிக்கு மாறினால் 32 ஓம் ஹெட்போனில் கிடைக்கும் லாபம் 0.003 டெசிபல். அமைதியான அறையில், பழக்கப்பட்ட காது, நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பிடிக்கக்கூடிய சத்த வித்தியாசம் 0.2 டெசிபல் அளவில் இருக்கிறது. லாபம் அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. விதிவிலக்குகளையும் சொல்லிவிட வேண்டும். காதுக்குள் செருகும் சில இயர்போன்களில் பல ஒலிப்பான்கள் இருக்கும். அவற்றின் மின்மறுப்பு ஓரிடத்தில் 5 ஓம், இன்னோரிடத்தில் 30 ஓம் என்று தாவும். மெல்லிய, அரை ஓம் கேபிளைப் போட்டால் அங்கே 0.7 டெசிபல் வரை சாயல் மாறலாம். இன்னொன்று, 3.5 மிமீ கேபிளை விட்டு 4.4 மிமீ ‘பேலன்ஸ்டு’ கேபிளுக்கு மாறுகிறவர்கள் வியந்துபோவது. அந்தத் துளையில் பெரும்பாலும் இரு மடங்கு மின்னழுத்தம் வருகிறது. வால்யூமைத் தொடாமல் கேட்டால் 6 டெசிபல் கூடுதல் சத்தம். வேலை செய்தது ஆம்ப்பின் உள்ளே இருந்த இன்னொரு சுற்று. மாலை விழுந்தது கேபிளின் கழுத்தில்.

இனி அந்த ஜாக்கின் மங்கிய வளையத்துக்குத் திரும்பலாம். சாதாரண ஹெட்போன் ஜாக்கில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பாகம் இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி. அடிப்பாகம் சுத்தமாக விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த அதிசயம்: பாடகரின் குரல் மாயமாகி, கிடாரும் கோரஸும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல மிஞ்சும். இரண்டு பக்கமும் சமமாக வரும் ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், பக்கங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு மட்டும் காதில் விழுவதால் இது நடக்கிறது. முழுதாக விடாமல், உப்பும் துருவும் சேர்ந்து அந்த இடத்தில் 5 ஓம் தடையை மட்டும் உண்டாக்கினால்? 32 ஓம் ஹெட்போனில் நடுவில் நிற்க வேண்டிய குரல், பக்கவாட்டு ஒலிகளோடு ஒப்பிட்டால் சுமார் 2.4 டெசிபல் தாழ்ந்துவிடும். குரல் பின்னால் போனதுபோலவும், பக்கங்கள் அகன்றதுபோலவும் இருக்கும். சவுண்ட் ஸ்டேஜ் விரிந்தது என்று இதைக் கொண்டாடவும் ஆள் இருக்கக்கூடும். பிறகு புதுக் கேபிள் வருகிறது. புதுப் பளபளப்பான ஜாக். குரல் முன்னால் வந்து நிற்கிறது. வெள்ளிக் கம்பியின் பங்கு 0.003. சுத்தமான தொடர்புப் பரப்பின் பங்கு 2.4. எண்ணூறு மடங்கு. இதைத் துணியால் துடைத்தும் பெற்றிருக்கலாம்.

“எனக்குக் கேட்கிறதே, என் காதைவிட உங்கள் கணக்கு பெரிதா?” என்பது முதல் ஆட்சேபம், நியாயமானதும்கூட. கேட்பது உண்மைதான். ஆனால் காது தனியாகக் கேட்பதில்லை, கண்ணையும் விலைப் பட்டியலையும் துணைக்கு அழைத்துக்கொண்டே கேட்கிறது. 1994இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூல், ஷான் ஓலிவ் இருவரும் ஹார்மன் நிறுவனத்தில் 40 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒலிபெருக்கிகளைப் பார்த்தபடி கேட்டபோது மதிப்பெண் ஒரு மாதிரி. திரை போட்டு மறைத்துக் கேட்டபோது வேறு மாதிரி. கேட்டவர்கள் ஒலித் தொழிலில் இருந்தவர்கள், ஏமாளிகள் அல்ல. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை சாதாரண ரிசீவர் முதல் மிக விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் வரை வரிசையாக வைத்து, சத்தத்தைச் சமன்செய்து, பெயரை மறைத்துக் கேட்க வைத்தது. நம்பிக்கையாளர்களும் சந்தேகிகளும் சேர்ந்து எடுத்த மதிப்பெண் நாணயம் சுண்டிப் போட்டதற்குச் சமமாகவே வந்தது. ‘சத்தத்தைச் சமன்செய்து’ என்பதே இதில் உயிர்நாடி. இரண்டு வால்வுகளின் பெருக்கத் திறனில் பத்து சதவீதம் வித்தியாசம் இருந்தால், பின்னூட்டம் இல்லாத சுற்றில் சத்தம் 0.8 டெசிபல் வரை கூடலாம். அவ்வளவு சிறிய கூடுதல் காதுக்குச் சத்தமாகத் தெரியாது; தெளிவாக, உயிரோட்டமாக, ‘திரை விலகியதுபோல’த் தெரியும்.

அடுத்த ஆட்சேபம், கருவியால் அளக்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது. இருக்கட்டும். கண்ணை மறைத்துக் கேட்பதில் கருவி எங்கே வந்தது? அங்கே நீதிபதி காது மட்டும்தான். அவசரமாகக் கேட்டால் நுணுக்கம் பிடிபடாது என்றால், ஒரு மாதம் எடுத்துக்கொள்ளலாம், யாரும் அவசரப்படுத்தவில்லை. திருவொற்றியூரிலேயே சங்கிலி நாச்சியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறி எல்லை தாண்டியதும் சுந்தரர் கண்ணிழந்த கதை உண்டு. நமக்கு அவ்வளவு தண்டனை வேண்டாம், பத்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்டால் போதும். வால்வு சூடாக நேரம் எடுக்கும், காதின் நினைவோ சில நொடிகளில் கலைந்துவிடும் என்பதால் நேரடியாக மாற்றி மாற்றிக் கேட்பது கஷ்டம். அதற்கும் வழி உண்டு. ஹெட்போன் மாட்டிய நிலையிலேயே ஆம்ப்பின் வெளியீட்டைக் கணினியில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒருமுறை பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு பதிவுகளின் சத்தத்தையும் சமன்செய்து, எது எது என்று சொல்லாமல் நண்பர் ஒருவரைப் பத்து முறை ஒலிக்கவிடச் சொல்ல வேண்டும். பத்தில் குறைந்தது ஒன்பது முறை சரியாகச் சொன்னால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். வித்தியாசம் உண்மை என்று தாராளமாக நம்பலாம். ஐந்தோ ஆறோ வந்தால், வால்வைப் பெட்டியில் வைத்துவிடலாம். இதில் செலவே கிடையாது. ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவிக்கிற பொழுதுபோக்கில் இந்த இலவசச் சோதனை மட்டும் ஏன் இவ்வளவு அபூர்வமாக நடக்கிறது என்பதை ஆட்சேபம் சொல்கிறவர்கள்தான் விளக்க வேண்டும்.

கணக்கிலும் சோதனையிலும் விட்டுப்போன ஒன்று, கேட்கும் இடம். ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் எல்லை; தொழிற்பகுதியில் முறையே 75, 70. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்று ஏர் பிரேக்கை விடும் ஓசையை வீட்டுக்குள்ளிருந்தே கேட்கிறவர்களுக்கு இந்த எண்கள் காகிதத்தில் இருப்பவை என்பது தெரியும். விதியைச் சரியாக மதிக்கும் அமைதியான தெருவென்றே வைத்துக்கொள்வோம், அறைக்குள் இரவு 40 டெசிபல். 75 டெசிபலில் பாட்டு. இரண்டு நல்ல வால்வுகளுக்கு இடையே இசைவுகளில் இருக்கக்கூடிய வித்தியாசம் பாட்டைவிட 70 டெசிபல் தாழ்வு என்றால், அது காதுக்கு வரும் அளவு 5 டெசிபல். அறையின் இரைச்சலுக்கும் கீழே, பாட்டுக்கும் கீழே, இரண்டு போர்வைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. போதாக்குறைக்கு, வால்வு ஆம்ப்போடு சேர்த்துப் பரிந்துரைக்கப்படும் ஹெட்போன்களில் பெரும்பாலானவை முதுகு திறந்தவை. வெளிச்சத்தம் தடையில்லாமல் உள்ளே வரும். டிரெய்லர் போகும் தெருவில் இருப்பவருக்கு, காதை நன்றாக மூடும் ஹெட்போன் நடு, மேல் ஸ்தாயிகளில் பத்துப் பதினைந்து டெசிபல் இரைச்சலைத் தடுத்துவிடும். எந்த வால்வாலும் இது முடியாது.

சுவரிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் பவர் கேபிளையும் மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. நீளமாகப் பேச அதில் விஷயமில்லை. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூரின் 1500 மெகாவாட் நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே பிறந்த மின்சாரமும் உயரழுத்தக் கம்பிகள், துணை மின்நிலையங்கள், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், வீட்டுச் சுவருக்குள் எலெக்ட்ரீஷியன் இழுத்த சாதாரண வயர் எல்லாவற்றையும் கடந்துதான் வருகிறது. கடைசி ஒன்றரை மீட்டரில் அதைப் புனிதப்படுத்த முடியாது. மின்னழுத்தம் ஏறி இறங்குவது மட்டும் உண்மையான பிரச்சினை: வால்வின் இழைக்கு 6.3 வோல்ட் என்றால் அதில் ஐந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகல் அதன் ஆயுளைக் குறைக்கும். ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வாங்குகிற வீட்டில் ஆம்ப்பையும் அதன் கீழ் கொண்டுவருவது புத்திசாலித்தனம்.

“என் பணம், என் சந்தோஷம், உங்களுக்கு என்ன?” என்பது கடைசி ஆட்சேபம். இதற்கு எதிர்வாதமே இல்லை. 1950களின் கண்ணாடிக் குழலைக் கையில் பிடித்து, உள்ளே தெரியும் மெல்லிய கம்பிச் சுருளை வெளிச்சத்தில் பார்ப்பது ஒரு தனி இன்பம். தபால்தலை சேர்ப்பவரிடம் அதில் கடிதம் போகுமா என்று யாரும் கேட்பதில்லை. இன்று வால்வு செய்யும் ஆலைகள் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. பழையதைப் பாதுகாப்பதில் வரலாற்று மதிப்பும் உண்டு. அழகுக்காக வாங்குகிறேன் என்று சொல்லி வாங்குகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. சேமிப்பை எண்ணி எண்ணி முதல் நல்ல ஹெட்போனை வாங்கிய ஒருவரிடம், கேபிளை மாற்றாவிட்டால் அது பாதி ஒலிதான் தரும் என்று சொல்கிற வியாபாரத்தோடுதான் சண்டை. 2017இல் ஒலி ஆய்வாளர் ஜெரோன் பிரீபார்ட் 283 ஹெட்போன்களை அளந்து, அவற்றின் அதிர்வெண் நடத்தைக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்று எழுதினார். ஒலியைப் பெரிதும் தீர்மானிக்கும் ஹெட்போனிலேயே விலை ஒலியின் தரத்தைச் சொல்லவில்லை என்றால், கேபிளின் விலை எதைச் சொல்லிவிடும்?

அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. சென்னையின் வியர்வையில் இயர் பேட் ஒன்றிரண்டு ஆண்டில் வெடித்து உரிந்துவிடும். விளிம்பில் காற்று கசிந்தால் பாஸில் பல டெசிபல் காணாமல் போகும். புது இயர் பேட் ஒரு ஜோடி, நல்ல பழைய வால்வின் விலையில் சிறு பங்கு. அதைவிட முக்கியம் கேட்கும் காது. தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கிலோ பாட்டு கேட்பவருக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், 90 டெசிபலில் வெறும் நான்கு மணி நேரம்தான் பாதுகாப்பு. எண்ணூரிலும் மணலியிலும் இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்துவிட்டு, வீட்டில் டிரெய்லர் சத்தத்தை வெல்ல வால்யூமை ஏற்றுகிறவருக்கு முதலில் தேயும் இடம் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். மெய்யெழுத்துகளின் கூர்மையும் தாளத்தின் ஒலியும் வாழும் இடம் அது. அங்கே 20 டெசிபல் போன காதுக்கு எந்த நாட்டு வால்வும் அதைத் திருப்பித் தராது. ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்புத்திறன் சோதனை செய்துகொள்ளலாம்.

வால்வுக்கு ஆர்டர் போட விரல் நீளும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஆம்ப்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அது முழுதாக ஆறும் வரை விடுங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம், உள்ளே கெபாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஜாக்கையும், சின்ன பிரஷ்ஷால் வால்வின் பின்களையும் துடையுங்கள். பின்கள் நன்றாகக் காய்ந்த பிறகு அதே வால்வை அதே சாக்கெட்டில் இரண்டு மூன்று முறை செருகி எடுத்துப் பொருத்துங்கள். நன்றாகப் பழகிய ஒரு பாட்டைப் போடுங்கள். குரல் முன்னால் வந்து நின்றால் ஆர்டரை ரத்து செய்துவிடலாம்.